காலர் விழா, கைக்கடிகாரம், சாட்சிகள்: பிடிஎஸ்எம் விளையாட்டில் சடங்கு எதற்கு?

நூற்கண்டு:

வணக்கம். பிடிஎஸ்எம் பற்றி, அதாவது கட்டுதல், ஆதிக்கம், அடங்கல், வலி ஆகியவற்றைச் சம்மதத்தோடு விளையாடுவது பற்றி, இங்கே நிறையப் பேசியிருக்கிறோம்: எல்லைகள், நிறுத்தச்சொல் (சொன்னதும் ஆட்டத்தை நிறுத்தும் சொல்), கயிற்றுப் பாதுகாப்பு என்று. சடங்கின் பக்கம் யாரும் போகவில்லை. அதனால் தனி இழை.

அமெரிக்காவில் தோல் உடையை அடையாளமாகக் கொண்ட பிடிஎஸ்எம் குழுக்களில், அதாவது லெதர் வட்டங்களில், அடங்குபவருக்குக் காலர் என்ற கழுத்துப் பட்டை அணிவிப்பது படிப்படியாக நடக்கிறது. ஒருவரையொருவர் எடைபோடும் காலத்துக்கு ஒரு காலர், பழகும் காலத்துக்கு ஒன்று, கடைசியில் நண்பர்கள் முன்னிலையில் பூட்டு வைத்து ஒன்று. சிலர் உறுதிமொழி வாசிக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். என் இணையருக்கு இந்த விழாவின் மேல் பெரிய ஆசை. நானோ கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று ஓமப் புகையில் கண் எரிந்து வளர்ந்தவள். இங்கேயுமா என்று சலிப்பாக இருக்கிறது.

ஆனால் சின்னச் சடங்கு ஒன்று எங்களிடம் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. தொடங்கும் முன் நான் மண்டியிட்டு அமர்வேன். அவர் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். அவ்வளவுதான். அது இல்லாத நாளில் இருவருக்கும் கூச்சமாகிவிடுகிறது, ஏதோ நாடகத்தில் வசனம் ஒப்பிப்பது போல. ஏன் இப்படி? பெரிய விழா இதையே பெரிதாகச் செய்யுமா, வேறு ஏதாவது செய்யுமா?

வடமலை:

நூற்கண்டு, நீங்கள் கேட்டதற்குப் பாதி விடை 1909-இலேயே வந்துவிட்டது. ஆர்னால்டு வான் கெனப் என்ற மானிடவியலாளர், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மனிதர்களைக் கடத்தும் சடங்குகளுக்கெல்லாம் மூன்று கட்டங்கள் உண்டு என்றார்: பழையதிலிருந்து பிரித்தல், இடைநிலை, மீண்டும் சேர்த்தல். விக்டர் டர்னர் 1960-களில் அந்த நடுக்கட்டத்தை மட்டும் எடுத்து விரித்தார். அங்கே வழக்கமான தகுதிகள் செல்லாது. தலைவனாகப் போகிறவனை முதல்நாள் இரவு ஊரார் வாய்க்கு வந்தபடி வைகிறார்கள். அவன் தலை குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். ஜாம்பியாவின் என்டெம்பு மக்களிடம் அவர் கண்டது அது.

உங்கள் கைக்கடிகாரம் செய்வது முதல் கட்டத்தை. அலுவலகம், மின்கட்டணம், மாமியார் தொலைபேசி எல்லாம் அதோடு இழுப்பறைக்குள் போய்விடுகின்றன. பகலில் சமமாக உட்கார்ந்து கடன் தவணை பேசிய இருவரில் ஒருவர் கட்டளையிட, மற்றவர் பணிய வேண்டும் என்றால், இடையில் ஒரு வாசல் தேவைப்படுகிறது. வாசல் இல்லாமல் குதித்தால் வருவதுதான் நீங்கள் சொல்லும் கூச்சம்.

நம் ஊர்த் திருவிழாவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காப்புக் கட்டிவிட்டால் அந்த ஆள் வேறு ஆள். வெளியூர் போக மாட்டார், அவருக்கென்று தனிச் சாப்பாடு, பேச்சுக்கூட மாறிவிடும். ஆனால் காப்பு அவிழ்ப்பதற்கும் ஒரு நாள் குறித்திருப்பார்கள். அதைச் செய்யாமல் யாரும் வீட்டுக்குப் போய்ப் பழையபடி இருந்துவிட முடியாது.

இங்கேதான் உங்களிடம் ஒரு கேள்வி. கடிகாரத்தை அவர் கழற்றுகிறார், சரி. திருப்பிக் கட்டுவது யார்? அந்த இடத்தை நீங்கள் எழுதவே இல்லை.

ஈரோட்டான்:

வடமலை மானிடவியல் படித்தவர், அழகாகச் சொல்கிறார். நான் அந்த அழகைத்தான் சந்தேகிக்கிறேன்.

சடங்கின் வேலையே கேள்வியை அடக்குவது. மேளம் கொட்டும்போது மணப்பெண் 'எனக்கு இஷ்டமில்லை' என்று சொன்னால் யாருக்குக் கேட்கும்? கெட்டிமேளம் அதற்காகத்தான் என்று என் தாத்தா சொல்வார். நாங்கள் புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்துகொள்ளும் குடும்பம். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைக்க 1967-இல் அண்ணா ஆட்சி வர வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு விட்டொழித்ததை, மெழுகுவர்த்தியும் பூட்டுமாக நானே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?

ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுவதும் இந்தச் சடங்கில் சேர்த்தி. அதன் மூத்த பிள்ளை ஸாக்கர்-மசோக், 'மசோகிசம்' என்ற சொல்லுக்குப் பெயர் கொடுத்த எழுத்தாளர். 1869-இல் ஃபேனி பிஸ்டோர் என்ற பெண்மணிக்கு ஆறு மாதம் அடிமையாக இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டவர். கொடுமை செய்யத் தோன்றும் வேளையில் அந்தப் பெண்மணி மென்மயிர் ஆடை அணிய வேண்டும் என்று அடிமையே நிபந்தனை போட்டிருக்கிறார்! எசமானி எப்போது என்ன உடுத்துவது என்று அடிமை முடிவு செய்கிறார் என்றால் அங்கே யார் ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்கலாம். ஆனால் இப்படிக் காகிதத்தில் எழுதியதை நிஜமான கடமை என்று நம்பிக்கொண்டு, பிடிக்காமல் போன பின்னும் விலகத் தயங்கியவர்களை நான் அறிவேன். 'சாட்சிகள் முன்னால் வாக்குக் கொடுத்தாயே' என்பது அங்கே சாட்டையைவிட வலிக்கும் கருவி.

சட்டமும் உங்கள் விழாவை மதிக்காது. சம்மதத்தோடு ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்ட ஆண்கள் மீதான பிரவுன் வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1993-இல் 3-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது என்ன? காயம் உண்டாக்கிய பிறகு, சம்மதம் இருந்தது என்பது இந்த விஷயத்தில் எதிர்வாதம் ஆகாது. வயது வந்தவர்கள், பல ஆண்டுப் பழக்கம், யாரும் புகார் கொடுக்கவில்லை. அப்படியும் தண்டனை.

ஏரிக்கரை:

சிகாகோவில் இருக்கிறேன். இங்கே நான்கைந்து காலர் விழாக்களுக்குப் போயிருக்கிறேன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

ஈரோட்டாரே, உங்கள் தாத்தாவின் கெட்டிமேளம் இங்கே ஒலிக்காது. பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறை. இருபது பேர். புரோகிதர் கிடையாது, ஓத வேண்டிய மந்திரம் கிடையாது. அந்த இருவரே எழுதிக்கொண்டு வந்ததை வாசிப்பார்கள். நான் பார்த்ததில் நெஞ்சில் நின்ற ஒன்றில், காலர் பூட்டப்படுவதற்கு முன் மூத்த பெண்மணி ஒருவர் அடங்குபவரைத் தனியறைக்கு அழைத்துப் போனார். திரும்பி வர அரைமணி ஆனது. 'இப்போதுகூட வேண்டாமென்றால் சமையலறை வழியாக உன்னை என் காரில் ஏற்றிப் போய்விடுவேன், சாப்பாட்டை இவர்கள் சாப்பிட்டுக்கொள்ளட்டும்' என்று சொன்னாராம். சுயமரியாதைத் திருமணத்துக்கு இது அவ்வளவு தூரமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தங்களுக்கு வேண்டிய சடங்கைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் இரு பக்கமும்.

இன்னொரு பொய்யையும் இங்கே உடைத்துவிட வேண்டும். 'ஓல்டு கார்டு' என்று ஒரு பழங்காலம் இருந்ததாம். அதில் ராணுவ ஒழுங்கு, படிநிலை, லெதர் சட்டையைச் சம்பாதித்தே அணிய வேண்டும் என்ற விதி எல்லாம் கல்வெட்டாக இருந்ததாம். இணையத்தில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் புதியவர்களை மிரட்டுகிறார்கள். நடந்தது இதைவிடச் சிதறலானது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய ஓரினச் சேர்க்கை ஆண்கள் மோட்டார் சைக்கிள் சங்கங்கள் தொடங்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் சாட்டர்ஸ் சங்கம் 1954-இல். இங்கே சிகாகோவில் லெதர் ஆண்களுக்கான கோல்டு கோஸ்ட் மதுக்கூடம் வந்தது. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு, சங்கத்துக்குச் சங்கம் வேறு. எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன பிறகு, மிஞ்சியவர்கள் இழந்ததை எழுதியபோது அது ஒரே மரபு போல் ஒழுங்காகிவிட்டது. துக்கத்தில் எழுதியது; குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காட்டி 'இதுதான் சரியான முறை' என்று உங்களிடம் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

1989 மே மாதம் இங்கே நடந்த இன்டர்நேஷனல் மிஸ்டர் லெதர் போட்டியில் லெதர் பத்திரிகையாளர் டோனி டிபிளேஸ் லெதர் கொடியை அறிமுகப்படுத்தினார். கறுப்பு, நீலப் பட்டைகள், நடுவில் வெள்ளை, மூலையில் சிவப்பு இதயம். பொருள் என்ன என்று கேட்டவர்களிடம், பார்ப்பவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த மனப்பான்மை பிடிக்கும். இரண்டு ஆண்டு கழித்து அவரும் கோல்டு கோஸ்ட் நடத்திய சக் ரென்ஸ்லோவும் சேர்ந்து லெதர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். இந்த ஊருக்கு வந்தால் பாருங்கள்.

செவிலி:

வரலாறு நல்லது. நான் நரம்பைப் பற்றிப் பேசுகிறேன்.

சடங்கு என்றால் பெரும்பாலானவர்கள் மௌனத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மெதுவான கயிற்றுக் கட்டு, அரை இருட்டு, யாரும் பேசக் கூடாது. ஆபத்து அங்கேதான். மார்போடு கையைச் சேர்த்துக் கட்டும்போது மேற்கையின் வெளிப்புறம் ஓடும் ஆர நரம்பு அழுந்தலாம். முதலில் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும், பிறகு மணிக்கட்டைத் தூக்க முடியாது. சில சமயம் வாரக்கணக்கில் சரியாகாது. 'இந்த நேரத்தில் வாய் திறந்தால் எல்லாம் கெட்டுவிடுமே' என்று பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பொறுமையைத்தான் சடங்கு கொண்டாடுகிறது என்பதால் இன்னும் பொறுத்துக்கொள்வார்கள்.

மௌனம் வேண்டுமென்றால் கையில் ஒரு சாவிக்கொத்தோ மணியோ இருக்கட்டும். அது தரையில் விழுந்தால் நிறுத்தம். கத்தரிக்கோல் கைக்கு எட்டும் இடத்தில், முனை மழுங்கியது. கட்டுபவர் அவ்வப்போது தன் இரண்டு விரலை நீட்ட, கட்டப்பட்டவர் அழுத்திக் காட்ட வேண்டும். அழுத்தம் தளர்ந்தால் அவிழ்க்க வேண்டியதுதான். இதையும் சடங்கின் உறுப்பாகவே ஆக்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

முடிந்த பிறகு போர்வை, தண்ணீர், இனிப்பாக ஏதாவது, பேச்சு. உச்சத்திலிருந்து இறங்கும்போது உடல் நடுங்குவதும் மறுநாள் காரணமில்லாமல் அழுகை வருவதும் சகஜம். ஆதிக்கம் செலுத்தியவருக்கும் வரும், அதை யாரும் கேட்பதில்லை.

பினாங்குக்காரி:

வடமலை காப்புக் கட்டு என்று சொன்னதும் எனக்கு ஒரு பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

கலிபோர்னியாவில் ஃபக்கீர் முசாஃபர் என்று ஒருவர் இருந்தார். இயற்பெயர் ரோலண்ட் லூமிஸ், 2018-இல் இறந்தார். உடலில் துளையிடுவதையும் கொக்கியில் தொங்குவதையும் அமெரிக்காவில் ஒரு இயக்கமாக ஆக்கியவர். பிடிஎஸ்எம் வட்டங்களில் பெரிய மதிப்பு. அவர் நம் தைப்பூசக் காவடியைப் பார்த்து, நீண்ட ஊசிகள் உடம்பில் பதியும் சட்டகம் ஒன்றைச் செய்து சுமந்தார். அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டா மக்களின் சூரிய நடனம் என்ற வழிபாட்டையும் எடுத்துக்கொண்டார். லகோட்டாக்கள் 1993-இல் தங்கள் வழிபாட்டைச் சுரண்டுபவர்கள் மீது போர் அறிவிப்பே வெளியிட்டார்கள். நாம் என்ன செய்தோம்? நமக்குத் தெரியவே தெரியாது.

என் அண்ணன் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு அலகு குத்திக் காவடி எடுப்பவர். அவரிடம் வலியைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார். அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார், வேண்டுதலைப் பற்றிப் பேசுவார். சைவச் சாப்பாடும் தரையில் படுப்பதுமாக நோன்பு இருந்தது கணக்கில் வரும். ஊசி கடைசி நாள் சமாசாரம். அந்தக் கடைசி நாளை மட்டும் வெட்டி எடுத்துப் போனால் அதில் மிஞ்சுவது இரும்புதான்.

யாருடைய ஆசையையும் நான் பழிக்கவில்லை, இந்த இழைக்கு வந்திருப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் விளையாட்டுக்குச் சடங்கு வேண்டுமென்றால் சொந்தமாகச் செய்துகொள்ளுங்கள். நூற்கண்டுவின் கடிகாரம் எனக்கு முழுச் சம்மதம்.

வடமலை:

பினாங்குக்காரி சொல்வதை ஏற்கிறேன், ஒரு பகுதி தவிர. மிஞ்சுவது வெறும் இரும்பு என்று சொல்லிவிட முடியாது.

வட இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராட் ஸாகரின் குழு பிடிஎஸ்எம்-ஐ ஆய்வு செய்து வருகிறது. 2016-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று 'ஆன்மாக்களின் நடனம்' என்ற நிகழ்வைப் பற்றியது. தற்காலிகத் துளையிட்டு, அதில் கொக்கியோ எடையோ மாட்டி, மேளத்துக்கு ஆடுகிறார்கள். கலந்துகொண்டவர்களைப் பரிசோதித்தார்கள். துளையிட்டுக்கொண்டவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறியது, அதாவது உடல் நெருக்கடியில் இருந்தது. அவர்களையே கேட்டால் மன அழுத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். உடல் ஒன்று சொல்கிறது, மனம் வேறொன்று சொல்கிறது.

இதன் அருகில் மொரீஷியஸை வையுங்கள். அங்கே தமிழர்கள் எடுக்கும் தைப்பூசக் காவடியை மானிடவியலாளர் டிமிட்ரிஸ் ஸிகலாடஸ் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறார். 2013-இல் வெளிவந்த ஆய்வில், காவடி ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்கள் கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட அதிகமாகக் காணிக்கை கொடுத்தார்கள். வலி கூடக் கூடக் கொடையும் கூடியது. 2019-இல் வந்த இன்னொன்றில், அதிகமாக அலகு குத்திக்கொண்டவர்களுக்குத்தான் பிறகு வாழ்க்கை நன்றாக இருப்பதாகத் தோன்றுவது அதிகம் உயர்ந்தது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் கடவுள் இருக்கிறார், ஊர் இருக்கிறது, காமம் இல்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டமைத்த வலி, தெரிந்த முகங்கள் சூழ நிற்பது, தொடக்கமும் முடிவும் குறித்திருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மனித உடலில் ஏதோ நடக்கிறது. அந்த இயந்திரம் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. காவடி என்ற பெயரும் வேலும் சொத்துதான், அதைத் தொடாதீர்கள் என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

நெறியாளர்:

தனித் தொடர்பு கேட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இது அதற்கான இடமில்லை.

கீழத்தெரு:

அமெரிக்கா, மொரீஷியஸ் எல்லாம் சரி. நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

அடங்கல் சடங்கு என்று தமிழில் யோசித்தால் கைக்கு உடனே கிடைப்பவை என்ன? காலில் விழுவது. வாய் பொத்திப் பேசுவது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது. தரையில் உட்காருவது. தனிக் குவளை. இவற்றை என் தாத்தா விளையாட்டாகச் செய்யவில்லை. நிறுத்தச்சொல் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

மேற்கத்திய நண்பர் முழங்காலிடும்போது அவருக்குப் படையும் தேவாலயமும் நினைவுக்கு வரலாம். இங்கே ஒருவர் இன்னொருவர் செருப்பைத் துடைக்கும்போது வருவது வேறு. அதனாலேயே சிலருக்கு அது ஈர்ப்பாகவும் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. என் கேள்வி இவ்வளவுதான்: இருவரும் வேறு வேறு சாதி என்றால், அதைப் பற்றி வாய்விட்டுப் பேசிய பிறகு அந்தச் சடங்கைத் தொடுகிறீர்களா, பேசாமல் தொடுகிறீர்களா? எல்லைப் பட்டியலில் சவுக்கு, மெழுகு, கண்கட்டு என்று நாற்பது வரி இருக்கிறது. சாதிச் சொல், சாதிச் சைகை என்று ஒரு வரிகூட நான் கண்டதில்லை. முதல் வரியாக அதை எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை அது எந்தச் சூழலிலும் ஆட்டத்தில் இல்லை. இணையர் கேட்டு மறுத்திருக்கிறேன், அவர் புரிந்துகொண்டார்.

ஈரோட்டான்:

கீழத்தெரு, இதற்குப் பிறகு நான் எழுதியது சப்பென்று இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏரிக்கரை சொன்ன அந்தச் சமையலறைப் பெண்மணி இருக்கிற விழாவுக்கு நான் எதிரி இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு வாசலைச் சடங்கே திறந்து வைக்கிறது என்றால் அது என் தாத்தா கண்ட சடங்கு இல்லை. அப்படிப்பட்ட விழாக்கள் எத்தனை என்பதில்தான் எனக்கு ஐயம்.

நூற்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து முழு இழையையும் வாசித்தோம்.

வடமலை கேட்ட கேள்விக்கு விடை: யாரும் திருப்பிக் கட்டுவதில்லை. காலையில் நானே இழுப்பறையைத் திறந்து அவசரமாகக் கட்டிக்கொண்டு ஓடுவேன். வாரநாளில் விளையாடினால் மறுநாள் மதியம் வரை எதிலோ மிதந்துகொண்டிருப்பதும் சிடுசிடுப்பதும் அதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. இனி அவரே கட்டிவிடுவார், அன்றிரவே.

இன்னொன்றையும் கவனித்தோம். வீட்டில் நான் அவரை 'நீ' என்றுதான் அழைப்பேன், கல்லூரிக் காலப் பழக்கம். மண்டியிட்டதும் 'நீங்கள்' ஆகிவிடுகிறது. முடிந்த பிறகு மீண்டும் 'நீ' எப்போது வருகிறது என்று இருவருக்குமே தெரியவில்லை. கடிகாரம் கட்டியதும் நான் அவரை 'டேய்' என்று அழைக்க வேண்டும் என்று அவரே விதி போட்டிருக்கிறார். செவிலி சொன்ன விரல் அழுத்தமும் சேர்ந்துவிட்டது. கீழத்தெரு சொன்ன வரியைப் பட்டியலின் தலையில் எழுதிவிட்டோம். எழுதும்போது நீண்ட பேச்சு நடந்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை.

காலர் விழா நடக்கும். நெருங்கிய நான்கு பேர் மட்டும். புகை கிடையாது. ஒரு சந்தேகம்: பூட்டு வைத்த காலரின் சாவியை அவர் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொள்ள விரும்புகிறார். அதுதான் வழக்கமா?

ஏரிக்கரை:

பரவலான வழக்கம்தான். ஆனால் இரண்டாவது சாவி ஒன்று உங்கள் பணப்பையிலேயே இருக்கட்டும். எஃகுக் காலர் என்றால் விமான நிலையச் சோதனையில் நிறுத்துவார்கள். எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் கழற்றாமல் உள்ளேயே விட மாட்டார்கள், அன்று பார்த்து அவர் கோயம்புத்தூரில் இருப்பார்.

செவிலி:

இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக வாங்குங்கள். துரு ஏறாத எஃகு, நிக்கல் ஒவ்வாமை இருந்தால் டைட்டானியம். வியர்வைக் காலத்தில் இரவில் கழற்றித் துடைத்து வைக்கவும்.